காசு வாங்காமல் நடத்தும் ஆன்லைன் கேமில் ஆட்டக்காரர்கள் சொல்வதையெல்லாம் செய்ய வேண்டுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து, யாரிடமும் காசு வாங்காமல், முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு ஒன்றை ஆன்லைனில் நடத்துகிறீர்கள். ஆட்டக்காரர்கள் தினமும் குறை எழுதுகிறார்கள். சொன்னதைச் செய்தால் ஒரு கூட்டத்துக்குக் கோபம், செய்யாவிட்டால் இன்னொரு கூட்டத்துக்குக் கோபம். பேசாமல் எல்லாவற்றையும் ஓட்டுக்கு விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஓட்டைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. சம்பளமே வாங்காமல் வேலை செய்கிறவர், காசே கொடுக்காமல் ஆடுகிறவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கொடுத்துக் கேட்பதும், காரணத்தோடு பதில் சொல்வதும் உங்கள் கடன். சொன்னபடி செய்வது உங்கள் கடன் அல்ல.

தன்னார்வலர்கள் நடத்தும் கேம் ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறேன். முதலில் ஆட்டக்காரர் நடத்தையைக் கவனிக்கும் மாடரேட்டர் வேலை, அப்புறம் யூனிட்டுகளின் (படைவீரர் வகைகளின்) பலம், விலை எல்லாம் பார்க்கும் பேலன்ஸ் வேலை. அதனால் நான் பேசுவது முறை வைத்து ஆடும் கேம்களையும் எழுத்து வடிவ கேம்களையும் பற்றி மட்டும்தான். நொடிக்கு நொடி சுடுகிற ஷூட்டர் கேம்களில் நெட் தாமதம், கைவேகம் என்று வேறு சிக்கல்கள் சேரும். அங்கே இதை அப்படியே கொண்டுபோய் ஒட்ட வேண்டாம்.

எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஆட்டக்காரர் “இங்கே வலிக்கிறது” என்று சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது, நம்பிவிடுங்கள். “இந்த மருந்து கொடு” என்று சொன்னால் அதை நம்புமுன் யோசியுங்கள். எங்கள் கேமில் ஒரு புது ஆட்டக்காரர் ஒரே வரி எழுதியிருந்தார்: “கோட்டைக் கதவு திறக்கவே மாட்டேங்குது, சாவி விலையைக் குறைங்க.” சாவி விலைக்கும் கதவுக்கும் சம்பந்தமே கிடையாது, சாவி இல்லாமலேயே திறக்கிற கதவு அது. பழைய ஆட்கள் இரண்டு பேர் உடனே வந்து, “ஆடத் தெரியல, போய் வழிகாட்டியைப் படி” என்றார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: எந்த போனில் ஆடுகிறீர்கள், ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப முடியுமா? படம் வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. சின்னத் திரை உள்ள போனில் கீபோர்டு மேலே ஏறி வந்து, “திற” என்ற பட்டனை முழுசாக மறைத்திருந்தது. கதவு திறக்காததால், சாவி வாங்கினால்தான் திறக்குமோ என்று அவராக ஒரு காரணம் கண்டுபிடித்து, அதற்கு ஒரு தீர்வும் எழுதியிருக்கிறார். தீர்வு தப்பு, குறை நூற்றுக்கு நூறு நிஜம். பட்டனை மேலே ஏற்றிவைத்ததும், அதே இடத்தில் கேமை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதுவரை எங்களுக்கு எதுவும் எழுதியதில்லை.

ஆகவே முதல் பழக்கம்: குறை வந்தால் பதில் வாதம் செய்யாமல் மூன்று விவரம் கேளுங்கள். எந்த ஆட்டம், எந்த வெர்ஷன், அந்த நேரத்தில் என்ன செய்ய முயன்றீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். “குதிரை வீரன் ரொம்ப பலம்” என்பவரிடம் “அந்த ஆட்டத்தில் நீங்கள் என்ன செய்யப் பார்த்தீர்கள்” என்று கேட்டால், “வில்லாளிகளைப் பின்வரிசையில் வைத்தேன், சுற்றி வந்து அடித்துவிட்டான்” என்பார். இப்போது உங்கள் கையில் ஆராய ஒரு பொருள் இருக்கிறது. குதிரையின் பலமா, மேப்பின் ஓரம் திறந்துகிடக்கிறதா, முன்வரிசை எப்படி வழிமறிக்கிறது என்பது ஆட்டக்காரருக்குப் புரியவில்லையா என்று பிரித்துப் பார்க்கலாம். முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க ரீப்ளே சேமிக்கும் வசதி இன்னும் இல்லையென்றால், புது யூனிட் எதையும் சேர்ப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள். ரீப்ளே இருந்தால் பாதிச் சண்டை தானாக ஓயும்.

வலி நிஜம், காரணம் வேறு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. 2003-இல் டேவிட் ஒயிட் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் கேம் அது, அதாவது அதன் கோடை யாரும் எடுத்துத் திருத்தலாம். இன்றுவரை உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள்தான் அதை வளர்க்கிறார்கள். உங்கள் கேமைப் போலவே அறுகோணக் கட்டங்களில் முறை வைத்து ஆடுவது. அங்கே அடி விழுமா விழாதா என்பது அடிபடுபவர் நிற்கும் நிலத்தைப் பொறுத்தது. மந்திரத் தாக்குதலுக்கு விதிவிலக்கு உண்டு, எதிரி எங்கே நின்றாலும் 70% வாய்ப்பு. ஆரம்பத்திலிருந்தே அங்கே அதிகம் கேட்ட புகார் ஒன்றுதான்: “அதிர்ஷ்டம் அளவுக்கு மீறி விளையாடுகிறது, ரேண்டம் நம்பர் சரியில்லை.”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேஜ் என்ற மந்திரவாதி யூனிட் ஒரு தாக்குதலில் மூன்று முறை அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் 70% வாய்ப்பு என்றால், மூன்றும் தவறுவதற்கு 0.3 × 0.3 × 0.3, அதாவது 2.7%. கேட்டால் நடக்கவே நடக்காது என்பது போலத் தோன்றும். ஆனால் நீண்ட ஆட்டம் ஒன்றில் மேஜ்கள் மொத்தம் 40 முறை தாக்கினால், அதில் ஒரு முறையாவது மூன்றும் தவறும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. நடக்காமல் போவதுதான் அதிசயம். அந்த ஒரு முறை எதிரித் தலைவனை முடிக்கவேண்டிய நேரத்தில் வந்தால், மனிதர் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார். மீதி 39 தாக்குதலும் சரியாகப் போனது ஞாபகத்தில் நிற்காது. சிவிலைசேஷன் கேமை உருவாக்கிய சிட் மையரும் 2010-இல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டு உரையில் இதையே பேசினார். மூன்றுக்கு ஒன்று சாதகம், அதாவது நான்கில் மூன்று முறை வெல்லும் வாய்ப்பு என்று காட்டினால் ஆட்டக்காரர்கள் அதைக் கட்டாய வெற்றி என்றே எடுத்துக்கொள்கிறார்கள், தோற்றால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்கள் என்றார்.

வெஸ்நாத் குழு இதற்குச் செய்ததில்தான் பாடம் இருக்கிறது. புகாரை உதறித் தள்ளவில்லை, பயந்துபோய் அதிர்ஷ்டத்தை எடுத்துவிடவும் இல்லை. ஆட்டத்துக்குள்ளேயே ஒரு புள்ளிவிவரப் பக்கம் இருக்கிறது. நியாயப்படி நீங்கள் எவ்வளவு சேதம் செய்திருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு செய்தீர்கள் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். “எனக்கு மட்டும் துரதிர்ஷ்டம்” என்பவர் அதைத் திறந்தால், பல சமயம் தனக்கு நியாயத்தைவிடக் கூடவே விழுந்திருப்பதைக் காண்பார். சில சமயம் நிஜமாகவே குறைவாக விழுந்திருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியும். அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் குறைவாக வேண்டும் என்பவர்களுக்குப் பிற்காலத்தில் தனியாக ஒரு தேர்வும் வந்தது. பொது விதி மாறவில்லை. குறையில் நிஜமான பகுதி எது என்று கண்டுபிடித்து அதற்கு மட்டும் பதில் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்த அணுகுமுறை மேல் பெரிய மரியாதை உண்டு.

அவர்களிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அடிக்கடி வரும் யோசனைகளை ஒரே பக்கத்தில் தொகுத்து, ஒவ்வொன்றையும் ஏன் ஏற்கவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். விதிகள் எளிமையாக இருக்க வேண்டும் என்பதே தங்கள் அடிப்படை என்றும் ஆரம்பத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். இந்த இரண்டும் இருந்தால், ஒரு யோசனையை மறுக்கும்போது அது யோசனை சொன்னவரை மறுப்பதாக ஆகாது. உங்கள் கேமுக்கும் அப்படி ஒரு பக்கம் எழுதுங்கள், ஒரு சாயங்காலம் போதும். எங்கள் கேம் எதற்காக இருக்கிறது, எதை ஒருபோதும் செய்யமாட்டோம் என்று பத்து வரி. இது இல்லாத குழுவில் ஒவ்வொரு குறையும் ஆரம்பத்திலிருந்து விவாதமாகும். இரண்டு தன்னார்வலர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள், ஆட்டக்காரர்கள் எந்த அண்ணனிடம் கேட்டால் காரியம் நடக்கும் என்று பார்க்க ஆரம்பிப்பார்கள்.

அடுத்து, எழுதாதவர்களைப் பற்றி. இதுவும் உறுதியாகச் சொல்லக்கூடியது. உங்களுக்கு எழுதுகிறவர்கள் கேமில் தங்கியிருப்பவர்கள். பிடிக்காமல் போனவர் போய்விட்டார், அவர் குறை எழுதமாட்டார். அதனால் கருத்து மட்டுமே கேட்டு நடத்தினால், கேம் மெல்ல மெல்லப் பழைய ஆட்களின் வசதிக்கே வளையும். இதற்கு மருந்து லாக்தான், அதாவது கேம் தானாக எழுதிவைக்கும் பதிவு. டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப் என்று, நிலவறைக்குள் தளம் தளமாக இறங்கி அரக்கர்களோடு மோதும் கேம் ஒன்று இருக்கிறது. லின்லி ஹென்செல் உருவாக்கிய பழைய கேமிலிருந்து 2006-இல் பிரிந்து வந்து, தன்னார்வலர்களால் நடப்பது. அதன் பொது சர்வர்களில் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் ஒரு வரி பதிவாகும்: எந்த இனம், எந்த வெர்ஷன், எந்தத் தளத்தில், எது கொன்றது, எத்தனை முறை நகர்ந்தார் என்று. ஒரு அரக்கன் அநியாயம் என்று பத்துப் பேர் கத்தும்போது, நிஜமாக எத்தனை பேரை அது கொன்றிருக்கிறது என்று பார்க்க முடிகிறது.

அதே குழு 2021-இல் 0.26 வெர்ஷனில் பசி என்ற விதியையே நீக்கியது. இப்படி நிலவறைக்குள் இறங்கி ஆடும் மரபில் வந்த கேம்களில் பசியும் சாப்பாடும் பல்லாண்டுகளாக இருந்தவை, அதனால் எதிர்ப்பும் பலமாக இருந்தது. ஆனால் ஆட்டக்காரரை அலுப்பான வேலை செய்ய வைக்கும் விதி இருக்கக்கூடாது, ஒவ்வொரு முடிவுக்கும் அர்த்தம் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் கேமின் கையேட்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலால் பார்த்தால் பசி தேறவில்லை, எடுத்தார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் அது சரியான முடிவு என்று படுகிறது. சரி என்று நிரூபிக்க முடியுமா என்றால் முடியாது. பசியோடு சேர்ந்து ஒரு வகையான பதற்றமும் போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஓப்பன் சோர்ஸ் என்பதால் அப்படிப்பட்டவர்களுக்கு ஃபோர்க், அதாவது கோடைப் பிரதி எடுத்துத் தனியாக வளர்ப்பது, என்ற வழி இருக்கிறது, கிராலில் பலர் அந்த வழியில் போய்த் தங்களுக்குப் பிடித்த மாதிரி வெர்ஷன்கள் நடத்துகிறார்கள். உங்கள் கோட் பொதுவில் இருந்தால் பிரிந்து போகிறவர்களைத் துரோகி என்று பேசாதீர்கள். அதுவும் ஒரு கருத்துதான், அவர் தன் கையுழைப்பைப் போட்டுச் சொல்கிற கருத்து.

லாக் இருக்கிறதே என்று எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சின்ன கேம்களில் இதில்தான் அதிகம் தடுக்கி விழுகிறோம். ஒரு படைப் பிரிவு 100 ஆட்டத்தில் 55 ஜெயித்திருக்கிறது, ஆகவே பலம் அதிகம் என்பார்கள். சமமான நாணயத்தை 100 முறை சுண்டினாலும், 55 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு ஏறக்குறைய 18%. அதாவது இது ஒன்றையும் சொல்லவில்லை. அதே 1,000 ஆட்டத்தில் 550 என்றால், தற்செயலாக அப்படி வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, அப்போது தைரியமாகக் கையை வைக்கலாம். உங்கள் கேமில் ஆயிரம் ஆட்டம் சேர மாதக்கணக்காகும் என்றால், அதுவரை எண்ணைவிட நல்ல ஆட்டக்காரர் இருவர் ரீப்ளேயைப் பார்த்துச் சொல்லும் அபிப்பிராயம் மேல். இன்னொன்று, வெற்றி விகிதம் ஆட்டம் ரசிக்கும்படி இருந்ததா என்று சொல்லாது. சரியாக 50% ஜெயிக்கிற, ஆனால் எதிரில் ஆடுகிறவருக்கு எரிச்சல் மூட்டுகிற யூனிட் இருக்க முடியும். அதை ஆட்டக்காரர் வாயால்தான் கேட்டறிய வேண்டும்.

ஒரே மாற்றத்துக்கு ஒரு கூட்டம் கைதட்டி இன்னொரு கூட்டம் திட்டுவதாகச் சொன்னீர்கள். அது உங்கள் தவறால் வருவது அல்ல. 1978-இல் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மட் என்ற எழுத்து வடிவ கேமை உருவாக்கினார்கள். அந்த வழியில் வந்த கேம் ஒன்றின் மூத்த ஆட்டக்காரர்களுக்குள் 1989 கடைசியில் ஒரு விவாதம் கிளம்பி மாதக்கணக்கில் நீண்டது: ஆட்கள் இதிலிருந்து என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? அதைத் தொகுத்துத்தான் பார்ட்டில் 1996-இல் தன் பிரபலமான கட்டுரையை வெளியிட்டார். சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், பழக வருபவர்கள், மற்றவர்களை வீழ்த்த வருபவர்கள் என்று நான்கு வகை. மனிதர்கள் இப்படி நான்கு பெட்டிக்குள் அழகாக அடங்குவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான், பின்னால் ஆராய்ந்தவர்கள் வேறு விதமாகவும் பிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரையின் இரண்டாவது பகுதி எனக்கு இன்றும் உதவுகிறது. ஒரு வகையினருக்கு வசதி செய்தால் மற்ற வகையினரின் எண்ணிக்கை மாறும் என்கிறார். வீழ்த்துகிறவர்கள் பெருகினால் பழக வந்தவர்கள் ஓடிவிடுவார்கள். ஆகவே ஒரு கோரிக்கையைப் படிக்கும்போது, இதைக் கேட்கிறவர் எதற்காக ஆடுகிறார், இதனால் யாருக்கு இடம் குறையும் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரையும் திருப்திப்படுத்துகிற மாற்றம் இல்லை என்று ஒருமுறை மனசில் பதிந்துவிட்டால், திட்டு வரும்போது அவ்வளவு அடிக்காது.

இப்போது ஓட்டுக்கு வருகிறேன். தன்னார்வலர் கேமில் ஓட்டை யாராவது முழு மனசோடு செய்து பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 1990-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் தொடங்கிய லாம்டாமூ என்ற எழுத்து உலகம் அது. ஆட்டக்காரர்களே அறைகளும் பொருட்களும் கட்டி வளர்த்த இடம். நிர்வாகிகளை விசார்டு என்பார்கள். கூட்டம் பெருகப் பெருக எல்லாச் சண்டைக்கும் பஞ்சாயத்து சொல்லிச் சலித்து, 1992 டிசம்பரில் கர்ட்டிஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். இனி விசார்டுகள் தொழில்நுட்ப வேலை மட்டும் பார்ப்பார்கள், சமூக விவகாரங்களில் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள் என்று. அடுத்த வருடமே, ஒருவர் மற்றவர்களின் பாத்திரங்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குவது போலப் பொதுவில் எழுதிய விவகாரம் வெடித்தது. யார் தண்டிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு விசார்டு தானாக முடிவெடுத்து அந்தக் கணக்கை அழித்தார்.

அதற்குப் பிறகு கர்ட்டிஸ் ஒரு முறையைக் கொண்டுவந்தார். யார் வேண்டுமானாலும் மனு எழுதலாம், போதிய கையெழுத்துச் சேர்ந்தால் விசார்டுகள் அது செய்யக்கூடியதா என்று மட்டும் பார்ப்பார்கள், பிறகு எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள், எதிர்ப்பைப் போல் இரண்டு மடங்கு ஆதரவு இருந்தால் நிறைவேறும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. சில வருடம் ஓடியது. ஆனால் 1996 மே மாதம் விசார்டுகளே மறுபடி அறிவித்தார்கள்: தொழில்நுட்பம் தனி, சமூகம் தனி என்று பிரிக்கவே முடியவில்லை, நாங்கள் எடுக்கும் ஒவ்வொரு நுட்ப முடிவும் சமூக முடிவாகத்தான் இருக்கிறது, ஆகவே இனி வெளிப்படையாக நாங்களே முடிவெடுப்போம் என்று. ஓட்டு முறையே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டமாட்டேன். ஒரே ஓர் இடத்தின் கதை இது, அதுவும் சாட் போன்ற உலகம். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. சர்வர் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் கடைசி அதிகாரம் இருக்கிறது. அதை ஓட்டுப்பெட்டிக்குள் ஒளித்துவைத்தால் பொறுப்பு மங்கிப்போகும்.

அதனால் என் பரிந்துரை, ஓட்டுக்கு விடக்கூடியதை மட்டும் விடுங்கள். போட்டி சனிக்கிழமை வைப்பதா ஞாயிறு வைப்பதா, அடுத்த சீசனுக்கு எந்த மேப், புது யூனிட்டுக்கு என்ன பெயர் என்பவற்றில் எந்த விடை வந்தாலும் உங்களால் செய்து கொடுக்க முடியும். அங்கே ஓட்டு மகிழ்ச்சியையும் சொந்தம் என்ற உணர்வையும் தரும். யூனிட்டின் பலத்தை ஓட்டுக்கு விடாதீர்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த படைக்குத்தான் போடுவார், அது இயல்பு. யாரை பேன் செய்வது, அதாவது கேமிலிருந்து விலக்குவது, என்பதை எந்தக் காரணத்துக்காகவும் விடவே விடாதீர்கள். முக்கியமாக, உங்களால் நிறைவேற்ற முடியாத விடை ஒன்று வரக்கூடும் என்றால் அந்தக் கேள்வியையே ஓட்டுக்கு வைக்காதீர்கள். ஓட்டெடுத்துவிட்டுச் செய்யாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிட மோசமான கசப்பை உண்டாக்கும்.

ஆட்டக்காரர் நடத்தை பற்றிய ரிப்போர்ட்டுகள் தனி ரகம். இதில் லிசெஸ்ஸைப் பாருங்கள். 2010-இல் திபோ டூப்ளெஸ்ஸி தொடங்கிய செஸ் தளம், நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் ஆடுவது. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது, மாடரேட்டர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். செஸ்ஸில் தோற்றவருக்கு எதிராளி எஞ்சின் எனும் செஸ் கணினி நிரலை வைத்து ஆடினாரோ என்ற சந்தேகம் வருவது சகஜம். அங்கே ரிப்போர்ட் செய்யலாம், ஆனால் பொதுவில் பேர் சொல்லிக் குற்றம் சாட்ட அனுமதி இல்லை. ஏமாற்றியது உறுதியானால், அவரிடம் தோற்றவர்களுக்கு இழந்த ரேட்டிங் புள்ளிகள் திரும்ப வருகின்றன, தகவலும் வருகிறது. புகார் கொடுத்தவருக்கு ஒரு விடை கிடைக்கிறது, அதற்காக மாடரேட்டர் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. உங்கள் அளவில் தானியங்கி ஏற்பாடு வேண்டாம். “பார்த்துவிட்டோம், நடவடிக்கை எடுத்தோம்” அல்லது “பார்த்துவிட்டோம், இந்த முறை விதிமீறல் தெரியவில்லை” என்ற ஒற்றை வரி போதும். என்ன தண்டனை என்று சொல்லாதீர்கள், அது அடுத்தவரின் அந்தரங்கம்.

மறுக்கும் விதம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் பதில்களில் பெரும்பாலானவை மறுப்பாகத்தான் இருக்கும். “பரிசீலிக்கிறோம்” என்று எழுதாதீர்கள். செய்யப்போவதில்லை என்று தெரிந்தும் அப்படி எழுதுவது, மாதக்கணக்கில் ஒருவரைக் காத்திருக்க வைப்பது. நான் எழுதும் மறுப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: “நீங்கள் சொல்லும் சிக்கல் உண்மை, மூன்றாவது மேப்பில் குதிரை சுற்றி வருவதை நாங்களும் பார்த்தோம். விலையை ஏற்றினால் மற்ற மேப்களில் அந்தப் படையை யாரும் எடுக்க மாட்டார்கள், அதனால் விலையைத் தொடவில்லை. மேப்பின் ஓரத்தைச் சரிசெய்ய ஒருவர் எடுத்திருக்கிறார், இந்த மாதம் முடியுமா என்று தெரியவில்லை.” இதில் குறை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது, மறுப்புக்குக் காரணம் இருக்கிறது, வாக்குறுதி கிடையாது. கோபமாக வந்தவர்களில் பாதிப் பேர் இதற்கு “சரி, புரியுது” என்பார்கள். மீதிப் பாதி திரும்ப வாதம் செய்வார்கள். இரண்டாவது முறை புதிய தகவல் இருந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஏனென்றால் உங்களிடம் குறைவாக இருக்கிற பொருள் உங்கள் சாயங்காலம். பணம் வாங்கும் கம்பெனி என்றால் ஆள் வைத்துப் படிக்கச் சொல்லும். உங்களுக்கு ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் அரட்டையடிக்கும் டிஸ்கார்டு ஆப்பைத் திறந்தவுடன் வசவு என்றால், மூன்று மாதத்தில் நல்ல கோட் எழுதும் கை ஒன்று காணாமல் போகும். தன்னார்வக் குழுக்கள் ஆட்டக்காரர் குறைவதால் சாவதைவிட, வேலை செய்கிறவர் ஓய்வதால் சாவதுதான் அதிகம் என்பது நான் பார்த்தவரையான அபிப்பிராயம். எண்ணிக்கை வைத்து நிரூபித்ததில்லை. ஆகவே கருத்து படிக்கும் வேலையை வாரம் ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். படித்தவர் சாராம்சத்தை மட்டும் கோட் எழுதுபவருக்குத் தரட்டும், வசவை வடிகட்டிவிட்டு. குறையின் உள்ளே நியாயம் இருந்து, சொல்லும் விதத்தில் ஆபாசம் இருந்தால், நியாயத்தை எடுத்துக்கொண்டு ஆபாசத்துக்கு உரிய நடவடிக்கையும் எடுங்கள். ஒன்று மற்றொன்றை மன்னிக்காது. சர்வர் செலவுக்கு நன்கொடை வாங்குகிறீர்கள் என்றால், அதனால் விதிகளில் சொல்லுரிமை கிடைக்காது என்பதை நன்கொடைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் சொன்னால் மனஸ்தாபமாகும்.

மாற்றங்களை எப்போது வெளியிடுவது என்பதில் எனக்கு உறுதியான விதி கிடையாது. புகார் வந்த ராத்திரியே யூனிட் விலையை மாற்றுவது தவறு என்பது மட்டும் நிச்சயம். ஒரு மாற்றத்துக்கு ஆட்டக்காரர்கள் பழகி, எதிர்த்து ஆடும் வழி கண்டுபிடிக்கவே சில வாரங்கள் ஆகும். முதல் வாரக் கூச்சலில் பெரும் பகுதி பழக்கம் கெட்டதால் வருவது. பக் (கோடில் உள்ள பிழை) என்றால் உடனே, பேலன்ஸ் என்றால் சீசன் முடிவில் மொத்தமாக என்று பிரித்துவைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் உங்கள் கேமில் ஒரு சீசன் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் ஆடிப் பார்த்துச் சொல்ல முடியும். முடிந்தால் தனியாக ஒரு டெஸ்ட் சர்வர் வையுங்கள். அடுத்த சீசன் மாற்றங்கள் அங்கே முன்கூட்டியே இருக்கட்டும், விருப்பமுள்ளவர்கள் ஆடிப் பார்க்கட்டும்.

அந்த டெஸ்ட் சர்வருக்கு முதலில் யாரைக் கூப்பிடுவது என்றால், உங்களிடம் ஓயாமல் குறை சொல்லும் அந்த இரண்டு மூன்று பேரை. எல்லாரையும் இல்லை. ரீப்ளே கொடுத்து, எந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லிக் குறை எழுதுகிறவரை மட்டும். தன்னார்வ கேம்களில் இன்று கோட் எழுதுகிறவர், மேப் வரைகிறவர், மொழிபெயர்க்கிறவர் எல்லாரும் நேற்று ஆட்டக்காரராக வந்து, ஏதோ ஒன்று சரியில்லை என்று முனகியவர்கள்தான். முதலில் சின்னதாக ஒரு வேலை கொடுங்கள்: ஒரு மேப்பின் ஓரத்தைச் சரிசெய்வது, ஒரு வழிகாட்டிப் பக்கத்தை எழுதுவது. செய்து முடிக்கிறாரா, மற்றவர்கள் அவர் வேலையில் குறை சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த வேலை. பேன் செய்யும் அதிகாரத்தை மட்டும் அவசரப்பட்டுத் தராதீர்கள், அதற்கு ஒரு சீசனாவது பொறுங்கள்.